உங்கள் ஜன்னலுக்கு எந்தச் செடி?

(ரெட்டியார்சத்திரத்தில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குள்ளே மூலிகை வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். சுற்றிலும் வெள்ளாமை நடக்கிற ஊரில் தொட்டிச் செடியைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். மேற்கே ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனால் லாரி லாரியாகக் காய்கறி ஏறுகிறது. நம் ஊரிலேயே அரசின் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. இஸ்ரேல் நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு அமைந்தது. குழித்தட்டில் நாற்று வளர்ப்பதையும் நிழல்வலைக் கூடாரத்தையும் உங்களில் பலர் அங்கே நேரில் பார்த்திருப்பீர்கள். இவ்வளவும் இருந்தும், சித்திரை மாதத்தில் ஒரு கட்டு மல்லித்தழை வேண்டுமென்றால் நாம் கடைக்குத்தான் போகிறோம். காட்டில் இருக்கிற கீரையைப் பறிக்க அரை மைல் நடக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை இருமுகிறபோது வேலியோரம் இருக்கிற கற்பூரவல்லி உதவாது. அடுப்பிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற செடிதான் தினமும் பயன்படும். அதற்காகத்தான் தொட்டி.

இன்னொரு காரணமும் உண்டு. கடையில் கொசுறாகக் கிடைக்கிற கறிவேப்பிலை எவ்வளவு மருந்தடித்து வருகிறது என்று நமக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த இறக்குமதி விதிகளில், பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் இந்தியக் கறிவேப்பிலையையும் சேர்த்தது. அவர்கள் நாட்டுக்குப் போகிற இலையை அவர்கள் சோதித்துக்கொள்கிறார்கள். நம் வீட்டுக் குழம்பில் விழுகிற இலையை யார் சோதிக்கிறார்கள்? மற்ற காய்களைத் தோல் சீவிச் சமைக்கிறோம், வேக வைக்கிறோம். தழை வகைகளைப் பெரும்பாலும் அப்படியே பச்சையாகச் சாப்பிடுகிறோம். சட்னியில் போகிற புதினாவையும் ரசத்தில் கடைசியாகத் தூவுகிற மல்லியையும் நாமே வளர்த்துக்கொள்வது வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்கிற முதல் நன்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள் செடி வளர்ப்பது பற்றி அச்சாகியிருக்கிற புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே ஆறு மாதம் வெளியே பனி. செடிக்குக் குளிர் தாங்காது என்பதால் உள்ளே கொண்டுவருகிறார்கள். நம் கதை அதற்கு நேர்மாறானது. இங்கே குளிர் என்பதே மார்கழி விடியற்காலையோடு சரி. நம் ஊரில் தழைச் செடியைக் கொல்வது பங்குனி, சித்திரை வெயில். கொத்தமல்லி முப்பது டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் இலை வைப்பதை விட்டுவிட்டு அவசர அவசரமாகப் பூத்துவிடும். தண்டு நீண்டு, இலை மயிரிழை போல மெலிந்து, வெள்ளைப் பூ வந்துவிட்டால் அது விதை போட்டுவிட்டுச் சாகப் போகிறது என்று அர்த்தம். அதனால்தான் கோடையில் மல்லித்தழை விலை ஏறுகிறது. நிழல்வலை கட்டி வெயிலைப் பாதியாகக் குறைத்து மல்லி போடுகிற விவசாயி அந்த விலையைப் பிடிக்கிறார். கிழக்கு ஜன்னலோரத்து நிழலும் செடிக்கு அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே நாம் செடியை வீட்டுக்குள் கொண்டுவருவது வெயிலிலிருந்து காப்பாற்றுவதற்காக. இதை மனதில் வைத்துக்கொண்டால் குளிர் நாட்டுப் புத்தகம் சொல்கிற பாதி விஷயத்தை நாம் விட்டுவிடலாம்.

ஆனால் காப்பாற்றுகிறேன் என்று இருட்டுக்குள் தள்ளிவிடக் கூடாது. வீட்டுக்குள் வைத்த செடி பெரும்பாலும் வெளிச்சம் இல்லாமல்தான் சாகிறது. நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். வேர் அழுகி, சீக்கிரமே போய்ச் சேர்கிறது.

இந்த மேசையைப் பாருங்கள். இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே பொட்டலத்து மல்லி விதை, ஒரே நாளில் போட்டது, ஒரே மண். இடது கைப் பக்கம் இருப்பது கிழக்கு ஜன்னல் விளிம்பில் வளர்ந்தது. முன்வரிசையில் இருக்கிற அக்கா, கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். தண்டு குட்டை, தடிப்பு, அடியில் லேசான ஊதா நிறம். இலை விரிந்து பச்சையாக இருக்கிறது. வலது பக்கம் இருப்பது பிரிட்ஜ் மேல் வளர்ந்தது. இதுதான் உயரம். பார்த்தவுடன் இதுதான் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளியைப் பாருங்கள், மூன்று விரற்கடை. தண்டு வெளுத்து, கண்ணாடி போல இருக்கிறது. எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடக்கிறது. கசக்கி முகர்ந்தால் மணமே இல்லை. இந்த உயரம் வளர்ச்சியில் வந்ததில்லை, பசியில் வந்தது. வெளிச்சம் எங்கே என்று தேடிப் போகிறது.

சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-இல் செடிகளின் அசைவைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனை. புல் முளையின் நுனிக்கு மட்டும் ஒரு சின்னத் தொப்பி போட்டு மூடினார்கள். முளை வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பாகத்தை மட்டும் மூடினார்கள். வளைந்தது. அதாவது வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே இருக்கிற தண்டு. நுனியிலிருந்து கீழே ஏதோ ஒரு சேதி போகிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். அந்தச் சேதி ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் என்று பிற்காலத்தில் தெரிந்தது. நிழல் பக்கத்தில் அது கூடுதலாகச் சேர, அந்தப் பக்கம் வேகமாக நீள, செடி வெளிச்சத்தை நோக்கிச் சாய்கிறது. உங்கள் வீட்டுச் செடி சாய்ந்தால், அது உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்பது நமக்கு ஏன் தெரிவதில்லை? நம் கண்தான் காரணம். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு நிமிஷம் இருட்டாக இருக்கும், பிறகு எல்லாம் தெளிவாகத் தெரியும். கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அறையில் நல்ல வெளிச்சம் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். உச்சிவெயிலில் வெட்டவெளியில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். குழல்விளக்கு எரிகிற சமையலறையில் இருநூறு, முந்நூறு. நம் கண்ணுக்கு இரண்டும் பகல்தான். செடிக்கு அந்த இருநூறு லக்ஸ் ராத்திரிக்குச் சமம். ஜன்னல் விளிம்பிலிருந்து ஐந்தடி உள்ளே நகர்த்தினாலே வெளிச்சம் பெருமளவு குறைந்துவிடுகிறது. டிவி ஸ்டாண்டு மேல், சாப்பாட்டு மேசை மேல் எல்லாம் மூலிகை வளராது. ஜன்னல் விளிம்பு, அதற்குக் கீழே ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் உங்கள் நிலம்.

சரி, எந்த ஜன்னல்? இங்கேதான் வெளிநாட்டுப் புத்தகத்தை நம்பி நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். தெற்கு ஜன்னல்தான் சிறந்தது என்று அவை எழுதும். லண்டனில் அது உண்மை. ரெட்டியார்சத்திரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பத்தரை டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளில், ஏப்ரல் 17-ஐ ஒட்டி, நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆவணி முதல் வாரம் தாண்டும் வரை, ஆகஸ்ட் 25 வாக்கில், நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நாலு மாதமும் தெற்கு ஜன்னலில் ஒரு பொட்டு வெயில் விழாது.

மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாயும். அப்போதாவது வருமா என்றால், அங்கே சன்ஷேடு குறுக்கே நிற்கிறது. மார்கழி நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டடி சன்ஷேடின் நிழல் அந்தக் கோணத்தில் மூன்றடி கீழே இறங்கும். நான்கடி ஜன்னலில் கடைசி ஒரு அடிக்குத்தான் வெயில் கிடைக்கும். விளிம்பில் வைத்த தொட்டிக்கு அது போதும். ஆணியில் தொங்கவிட்ட தொட்டிக்குக் கிடைக்காது.

ஆகவே நம் ஊருக்குக் கிழக்கு ஜன்னல்தான். காலை ஏழு மணி வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து உள்ளே விழுகிறது. சூடில்லாத வெயில். வருஷம் முழுக்க வரும். மேற்கு ஜன்னலிலும் அதே அளவு வெயில் வரும், ஆனால் சுவரும் தரையும் கொதித்த பிறகு வருகிற வெயில் அது. கற்பூரவல்லியும் சோற்றுக்கற்றாழையும் அதைத் தாங்கும். அவற்றின் தடித்த இலையே தண்ணீர்த் தொட்டிதான். மல்லியும் புதினாவும் அங்கே கருகும். ஜன்னலைத் தொட்டு அடுத்த வீட்டுச் சுவர் நின்றால், அது எந்தத் திசையாக இருந்தாலும் கணக்கில்லை.

எந்தச் செடி எந்த ஜன்னலுக்கு என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு செடியும் பிறந்த இடத்தை நினைத்துப் பாருங்கள், விடை தானாக வரும். நம் மாவட்டத்தில் சிறுமலை இருக்கிறது, தாண்டிக்குடி இருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் போனால் மிளகுக் கொடி பெரிய மரத்தின் தண்டைப் பற்றி, மரத்து நிழலிலேயே ஏறி நிற்பதைப் பார்க்கலாம். மிளகு, திப்பிலி, வெற்றிலை மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் காட்டு நிழலும் ஈரக் காற்றும்தான் பிறந்த வீடு. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நெருக்கி நட்டு, அதன் நிழலில்தான் கொடியை ஏற்றுகிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையும் நிழலில் வளர்ந்த இலைதான். கொடிக்கால்காரர்கள் பல தலைமுறையாகச் செய்துவருவது இது. நிழல் விரும்புகிற செடிக்கு நிழலைக் கட்டிக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டு வடக்கு ஜன்னலில் நேர் வெயில் படாமல் வானம் மட்டும் தெரிகிறதா? ஒரு வெற்றிலைக் கொடி வையுங்கள். பக்கத்தில் திப்பிலி. தட்டில் எப்போதும் ஈரம் நிற்கிற மாதிரி ஒரு அகலத் தொட்டியில் வல்லாரை. வல்லாரை வாய்க்கால் ஓரத்துச் செடி, தண்ணீர் தேங்கினாலும் கோபித்துக்கொள்ளாது. இந்த மூன்றும் வீட்டுக்குள் வாழப் பிறந்தவை போலவே இருக்கும். ஆனால் வீட்டு மூலிகை என்றால் யாரும் முதலில் இவற்றைச் சொல்வதில்லை. முதலில் சொல்வது துளசி.

துளசியைப் பற்றிச் சொல்வது உங்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். துளசி வெட்டவெளிச் செடி. குறைந்தது ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். நம் முன்னோர் துளசி மாடத்தை முற்றத்தில்தான் கட்டினார்கள், பூஜை அறைக்குள் கட்டவில்லை. முற்றம் போய்விட்டது, மாடம் மட்டும் சின்னதாகி பூஜை அறைக்குள் வந்துவிட்டது. அங்கே அது மூன்று வாரத்தில் இலை உதிர்க்கும். அபசகுனம் என்று மனம் கலங்க வேண்டியதில்லை. அதற்கு வெயில் இல்லை, அவ்வளவுதான். துளசியையும் கறிவேப்பிலையையும் தூதுவளையையும் வாசலிலோ மாடியிலோ வையுங்கள். வீட்டுக்குள் வைத்துத் துன்புறுத்த வேண்டாம்.

கிழக்கு ஜன்னலுக்கு மல்லி, புதினா, வெந்தயம். இதில் முதன்முதலாகத் தொடங்குகிறவர்கள் வெந்தயத்தில் தொடங்குங்கள். கடைக்குப் போக வேண்டாம், அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் போதும். ராத்திரி ஊறவைத்து, காலையில் நெருக்கமாகத் தூவி, மேலே விரல் தடிப்புக்கு மண் தூவினால் மூன்றாம் நாள் முளை. மூன்று வாரத்தில் கீரை. புதினாவைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே எடுக்கலாம். இலையை ஆய்ந்துவிட்டு, தடித்த தண்டாகப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். கணுவிலிருந்து ஒரு வாரத்தில் வெள்ளை வேர் வரும். பிறகு மண்ணுக்கு மாற்றுங்கள். புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள். கூட இருக்கிற செடியை அது வாழ விடாது.

மல்லியில்தான் பலர் தோற்கிறார்கள். மளிகைக் கடை மல்லி ஒவ்வொன்றும் இரண்டு விதை ஒட்டிய காய். அதைச் சப்பாத்திக் கட்டையால் மெல்ல அழுத்தி இரண்டாகப் பிரித்து, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட வேண்டும். எட்டிலிருந்து பதினைந்து நாள் வரை முளைக்கவே முளைக்காது. அந்த இடைவெளியில் மனம் பொறுக்காமல் தோண்டிப் பார்க்காதீர்கள். முப்பத்தைந்து, நாற்பது நாளில் பறிக்கலாம். ஒரே தொட்டியை நம்பாமல் பத்து நாளைக்கு ஒரு தொட்டி என்று மூன்று தொட்டி போட்டால்தான் சமையலுக்குத் தொடர்ந்து கிடைக்கும்.

ஜன்னலே இல்லாத சமையலறைக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இருபது வாட் வெள்ளை எல்இடி குழல்விளக்கு ஒன்றை, செடியின் தலைக்கு மேல் அரை அடி உயரத்தில் கட்டுங்கள். கூரையில் இருக்கிற விளக்கு பயன்படாது, கிட்டத்தில் இருக்க வேண்டும். தினம் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் ஏழு யூனிட் சொச்சம்தான் ஆகும். அதில் மல்லியும் வெந்தயமும் புதினாவும் வளரும்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் வயல் செம்மண்ணை மட்டும் அள்ளித் தொட்டியில் நிரப்பாதீர்கள். நாலு முறை தண்ணீர் ஊற்றினால் செங்கல்லாகிவிடும். மக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவைப் புதிதாக வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம்.

தண்ணீர்தான் நம் பக்கத்தில் பெரிய பிரச்சினை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். தொட்டி மண்ணிலும் அதேதான் நடக்கிறது. வயலில் மழை வந்து உப்பைக் கழுவிக் கீழே தள்ளும். வீட்டுக்குள் இருக்கிற தொட்டிக்கு மழை கிடையாது. தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்குகிறது. நாலைந்து மாதத்தில் இலை ஓரம் காய்ந்து பழுப்பாகும், தொட்டி விளிம்பில் வெள்ளைத் தடம் ஏறும். அதற்கு உரம் போடாதீர்கள், இன்னும் கெடும். மாதம் ஒரு முறை தொட்டியைக் குளியலறையில் வைத்து, தொட்டியைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வழிய விடுங்கள். மழை பெய்கிற நாளில் தூக்கி வாசலில் வைத்தால் அதைவிட நல்லது. ஆர்ஓ சுத்திகரிப்புக் கருவி வைத்திருக்கிறவர்கள் அதிலிருந்து கழிந்து வருகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவார்கள். நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். உப்புப் போடாத அரிசி கழுவிய தண்ணீர் நல்லது, புளிக்குமுன் ஊற்ற வேண்டும். எப்போது ஊற்றுவது என்றால், ஆள்காட்டி விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் ஒட்டினால் நாளைக்குப் பார்க்கலாம்.

மருத்துவப் பயனைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய நிறுவனம். அங்கே லட்சுமி சேவா சங்கம் பல காலமாகச் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரித்து வருகிறது. மூலிகையை மருந்தாக்குவதற்கு அளவும் பக்குவமும் கற்ற ஆட்களும் வேண்டும் என்பதை அப்படிப்பட்ட இடங்களில் பார்த்தால்தான் புரியும். நம் ஜன்னலில் வளர்வது சமையலுக்கும் கைவைத்தியத்துக்கும் உரியது. கற்பூரவல்லிச் சாறு தொண்டைக் கமறலுக்கு இதம் தரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதில் தேன் கலந்து கொடுக்காதீர்கள். அந்த வயதில் தேன் ஆபத்து. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போக வேண்டும். செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். 1989-இல் நாசா நடத்திய சோதனையை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது காற்றுப் புகாத பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலைத் திறப்பதால் கிடைக்கிற சுத்தம் வீட்டில் கிடைக்க வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வைக்க வேண்டும் என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மல்லித்தழைக்கு மணம் இருக்கிறது, சத்து இருக்கிறது. இல்லாத பெருமை அதற்குத் தேவையில்லை.

கடைசியாக, வாசல் பக்கம் இருக்கிற கூடையில் கற்பூரவல்லிப் போத்தும் வெற்றிலைக் கொடித் துண்டும் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். கற்பூரவல்லியை இன்றைக்கே நட வேண்டாம். வெட்டுவாய் காயும்படி ஒரு நாள் நிழலில் போட்டுவிட்டு, நாளை சாயங்காலம் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். முதல் தண்ணீருக்குப் பிறகு நாலு நாள் ஊற்றாதீர்கள். வெற்றிலை அப்படியில்லை, காய விட்டால் செத்துப் போகும். ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், அப்படியே கொண்டுபோய் இன்று ராத்திரியே நட்டு, நுனி மட்டும் வெளியே தெரியும்படி மண்ணை அணைத்து, ஒரு வாரம் கண்ணாடிப் பாட்டிலையோ பாலிதீன் பையையோ மேலே கவிழ்த்து வையுங்கள். புதுத் தளிர் வந்த பிறகு பையை ஒரேயடியாக எடுக்காமல், முதல் இரண்டு நாள் ராத்திரியில் மட்டும் திறந்து பழக்குங்கள். உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம், எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள், எது வளரும் என்று ஒவ்வொருவருக்கும் இங்கேயே உட்கார்ந்து சொல்கிறேன். யார் முதலில் கேட்கிறீர்கள்?